பிரான்சிஸ் அசிசியார் சொல்லாத செபம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில், குறுக்கெழுத்துப் போட்டிக்கு மேலே, பூவேலை செய்த ஒரு கட்டம் வருகிறது. வாரம் ஒரு மகானின் பொன்மொழியை அதில் போடுகிறீர்கள். சென்ற வாரம் புனித பிரான்சிஸ் அசிசியாரின் முறை. அமைதியின் கருவியாகத் தன்னைப் பயன்படுத்தும்படி இறைவனிடம் கேட்கும் அந்தப் புகழ்பெற்ற செபத்தில் நான்கு வரி, அதன்கீழ் அவர் பெயர், பக்கத்தில் பறவைகளோடு அவர் பேசும் படம்.

நான் அச்சகத்தில் 31 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவள். ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகாமல் அச்சாகிவிட்டால் அன்று இரவு எனக்குத் தூக்கம் கிடையாது. இப்படிப்பட்டவள் கண்ணில் அந்தக் கட்டம் பட்டால் சும்மா இருப்பேனா? அந்தச் செபம் பிரான்சிஸ் எழுதியது இல்லை, ஐயா. அவர் இறந்தது 1226-இல். அந்தச் செபம் முதன்முதலாக அச்சேறியது 1912-இல், பாரிசில் வெளிவந்த ஒரு சிறு பக்தி இதழில், பிரெஞ்சு மொழியில், எழுதியவர் பெயரே இல்லாமல். சில ஆண்டுகள் கழித்து, பிரான்சிஸ் படம் போட்ட செப அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் அதை அச்சிட்டார்கள். நாளடைவில் முன்பக்கத்துப் படம் பின்பக்கத்துச் செபத்துக்கு ஆசிரியராகிவிட்டது. அந்தப் பிரெஞ்சு இதழின் பெயருக்குச் 'சிறு மணி' என்று பொருள். எங்கள் வீட்டிலும் ஒரு சிறு மணி இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செபம் நல்ல செபம். நானும் அதைச் சொல்கிறேன், தொடர்ந்து சொல்வேன். யார் எழுதினால் என்ன, கருத்துத்தானே முக்கியம் என்று தாங்கள் கேட்கக்கூடும். இயேசு சபையை நிறுவிய இலொயோலா இஞ்ஞாசியார், 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற தமது நூலின் தொடக்கத்திலேயே ஒரு விதி வைத்திருக்கிறார்: அடுத்தவர் சொன்னதைக் கண்டிப்பதைவிட அதற்கு நல்ல பொருள் கொள்ளவே ஒரு நல்ல கிறிஸ்தவர் முந்த வேண்டும். அந்த விதிப்படியே தங்கள் கட்டத்துக்கு நல்ல பொருள் கொண்டுதான் எழுதுகிறேன். என் கடிதத்தையும் தாங்கள் அப்படியே வாசிக்க வேண்டும்.

பெயர் மாறியதில் எனக்குள்ள வருத்தம் சிறியது. அவர் சொல்லாததைப் போட்டதால், அவர் சொன்னது இடமில்லாமல் போய்விட்டதே என்பதுதான் பெரிய வருத்தம்.

பிரான்சிஸ் தம் துறவற சபைச் சகோதரர்களுக்குச் சொன்ன அறிவுரைகள் 28 நமக்குக் கிடைத்திருக்கின்றன. சில, மூன்று நான்கு வரிக்குமேல் போகாதவை. 13-ஆவது அறிவுரை பொறுமையைப் பற்றியது. அதன் கருத்தை என் சொல்லில் தருகிறேன்: எல்லாம் தன் மனத்துக்கு இசைவாக நடக்கும்வரை, தன்னிடம் எவ்வளவு பொறுமையும் தாழ்ச்சியும் இருக்கின்றன என்பதைக் கடவுளின் ஊழியன் அறிய முடியாது. தன்னை மகிழ்விக்க வேண்டியவர்களே அதற்கு நேர்மாறாக நடக்கும் வேளை ஒன்று வரும். அந்த வேளையில் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவுதான் அவனிடம் இருக்கிறது; அதற்குமேல் இல்லை.

'அதற்குமேல் இல்லை.' கூட்டிக் கழித்துக் கீழே இரட்டைக் கோடு போட்டதைப் போன்ற வாக்கியம். பறவைகளோடு பேசியவர்தான் இதையும் சொன்னார். இதைப் பூவேலைக் கட்டத்துக்குள் போட்டால், ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்தைப் புரட்டுகிறவருக்குச் சற்று உறுத்தும். உறுத்தட்டுமே.

எனக்கு அது உறுத்திய கதையைச் சொல்கிறேன். 63 வயது வரை நான் பொறுமைசாலி. நானாகச் சொல்லிக்கொண்டதில்லை, அச்சகத்திலும் பங்குக் கோவிலிலும் எல்லாரும் சொன்னார்கள், நான் மறுக்கவில்லை. திருமணம் ஆகாதவள், தனியாக இருந்தவள், மேசையில் காகிதமும் சிவப்பு மையும் தவிர என்னை எதிர்த்துப் பேச எதுவும் இல்லை. காகிதத்திடம் பொறுமையாக இருப்பது ஒரு புண்ணியமா? ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி எடுத்தேன், 19 ஆண்டுகள். அவர்களிடமும் பொறுமையாகத்தான் இருந்தேன், ஒரு மணி நேரம். பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. அண்ணி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அண்ணனை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். இடப்பக்கம் அசையாது. பேச்சு வருகிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைக்க வேண்டும். உரக்கக் கூப்பிட முடியாததால், எங்கள் அம்மா வைத்திருந்த சிறு வெண்கல மணியை அவருடைய வலக்கைக்கு எட்டும்படி வைத்தேன். யோசனை என்னுடையதுதான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

ஒரு இரவில் முப்பது முறை அந்த மணி அடிக்கும். தலையணை சரிந்துவிட்டது. போர்வை வேண்டாம். போர்வை வேண்டும். மணி என்ன? ஜன்னலைச் சாத்து. மணி என்ன?

முதல் மாதத்திலேயே என் பொறுமையின் கையிருப்பு எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. பிரான்சிஸ் சொன்ன அளவுதான், அதற்குமேல் இல்லை.

அப்போதுதான் அல்போன்ஸ் ரொட்ரீகஸ் என்ற புனிதரைப் பிடித்துக்கொண்டேன். அதிகம் அறியப்படாதவர், அதனால் அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் கம்பளி வணிகம் செய்தவர். மனைவி இறந்தார், பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள், வணிகமும் நொடித்தது. இயேசு சபையில் சேரப் போனால், குருவாவதற்குப் படிப்புப் போதாது என்றார்கள். 40 வயதை நெருங்கும்போது குருவாகாமல் வீட்டு வேலைகளைச் செய்யும் துணைச் சகோதரராகச் சேர்த்துக்கொண்டார்கள். மயோர்க்கா தீவில் இருந்த கல்லூரிக்கு அனுப்பி, வாசல் காக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான் அவர் வாழ்க்கை. 1617-இல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த ஒரே வீடு. கதவு திறப்பது, வந்தவரை உட்கார வைப்பது, உள்ளே போய் ஆளை அழைத்து வருவது. கதவு மணி அடிக்கும்போதெல்லாம் "வருகிறேன், ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டு போவாராம். அங்கே படிக்க வந்த ஓர் இளைஞரிடம், கடல் கடந்து போய் ஊழியம் செய் என்று தூண்டிக்கொண்டே இருந்தார். அந்த இளைஞர்தான் தென் அமெரிக்காவில், இன்றைய கொலம்பியாவின் கார்த்தகேனா துறைமுகத்தில் அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களுக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்த பீட்டர் கிளாவர். 1888-இல் திருச்சபை இருவருக்கும் ஒரே நாளில் புனிதர் பட்டம் அளித்தது. வாயிற்காவலரையும் அவர் அனுப்பிவைத்தவரையும் சேர்த்து நிறுத்திய அந்த முடிவை எடுத்தவர்களுக்கு நல்ல பதிப்பாசிரியரின் கண் இருந்திருக்க வேண்டும்.

வாயிற்காவலருக்கு இருந்த மணி எனக்கும் இருக்கிறது, அவர் சொன்னதையே நானும் சொன்னால் என்ன என்று தோன்றியது. மூன்று இரவுகள் நன்றாகவே போயிற்று. மணி அடித்தவுடன் "வருகிறேன், ஆண்டவரே" என்று சொல்லி எழுந்து போனேன். எனக்கே என்மீது ஒரு மரியாதை வந்துவிட்டது. ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தமது துறவற ஒழுங்கில், புனிதராக ஆவதற்கு முன்னாலேயே புனிதர் என்று அழைக்கப்பட விரும்பாதே என்று எழுதியிருக்கிறார்; அந்த வரி அப்போது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

நான்காம் இரவு, இரண்டரை மணி இருக்கும். அரை மணி நேரத்துக்குள் நான்காவது முறையாக மணி. பல்லைக் கடித்துக்கொண்டு, அடுத்த அறைக்குக் கேட்கும்படி, "வருகிறேன், ஆண்டவரே!" என்றேன். போய் விளக்கைப் போட்டேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார்:

"நான் ஆண்டவரைக் கூப்பிடவில்லை. உன்னைத்தான் கூப்பிட்டேன்."

என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. தலையணை சரியாகத்தான் இருந்தது. போர்வையும் சரியாகத்தான் இருந்தது. விழித்திருப்பது தான் ஒருவர் மட்டும்தானா என்று பார்க்க மணியை அடித்திருக்கிறார். சற்று நேரம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் கட்டத்தைப் பற்றிய என் வழக்கு இதுதான். அல்போன்சின் நாற்பது ஆண்டுகளை விட்டுவிட்டு, இரண்டு சொற்களை மட்டும் கத்தரித்து எடுத்து வந்து, அண்ணனுக்கும் எனக்கும் நடுவே ஒரு திரையாகக் கட்டிவிட்டேன். கதவுக்கு அப்பால் நிற்பவரை இன்னும் நன்றாகப் பார்ப்பதற்கு அவருக்கு உதவிய சொற்கள், அண்ணனைப் பார்க்காமல் இருப்பதற்கு எனக்கு உதவின. கத்தரித்த பொன்மொழி இந்த வேலையைத்தான் செய்கிறது. கேட்க இனிமையாக இருக்கும், யாரையும் தொந்தரவு செய்யாது, எந்தச் சுவரிலும் தொங்கும்.

கத்தரிக்காமல் வாசித்தால் புனிதர்கள் எவ்வளவு வேறாக இருக்கிறார்கள்! குழந்தை தெரசாளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரைச் சொன்னாலே ரோசாப் பூவும் புன்னகையும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. பிரான்சில் லிசியே நகர்க் கார்மேல் மடத்தில் 15 வயதில் நுழைந்து, 1897-இல் 24 வயதில் காசநோயால் இறந்தவர். இறந்த அதே ஆண்டில், தம் மடத்துத் தலைவிக்காக எழுதிய பக்கங்களில் ஒரு சம்பவம் வருகிறது. மாலைத் தியானத்தின்போது அவருக்குப் பின்னால் ஒரு சகோதரி அமர்வார். இரண்டு சிப்பிகளை ஒன்றோடொன்று உரசினாற்போல ஏதோ ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்துகொண்டே இருக்கும். வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. தெரசாளுக்குக் காது கூர்மை. திரும்பி ஒரு முறை முறைத்தால் போதும், சத்தம் நின்றுவிடும். அப்படி முறைக்க எவ்வளவு ஆசையாக இருந்தது என்று ஒளிக்காமல் எழுதுகிறார். முறைக்கவில்லை. சத்தத்தை மறக்க முயன்றார், முடியவில்லை. உடல் வியர்த்துக் கொட்டியது. கடைசியில், மறக்க முடியாத அந்தச் சத்தத்தை ஒரு அருமையான இசை நிகழ்ச்சியைப்போலக் கவனித்துக் கேட்கத் தொடங்கி, அதையே இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார். தியானம் முழுவதும் இதிலேயே போய்விட்டது.

'வியர்வை' என்று அவர் எழுதிய இடத்தில் நான் நின்றுவிட்டேன். பொறுமை என்றால் உள்ளே எதுவும் அசையாமல் இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தன் பெரும் போதகர்களுள் ஒருவராக, 'மறைவல்லுநர்' என்று, திருச்சபை மதிக்கும் தெரசாளுக்கே ஒரு சிறு சத்தத்தால் வியர்த்திருக்கிறது என்றால், இரவு இரண்டரை மணிக்கு எனக்கு எரிச்சல் வருவதில் அதிசயம் என்ன?

அதே பக்கங்களில் இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதைவிடப் பிடித்தது. மடத்துத் தலைவிக்கு உடல்நலம் இல்லாத ஒரு நாள், சாவிகளைத் திருப்பிக் கொடுக்கத் தெரசாள் போகிறார். தலைவியின் தூக்கம் கெடும் என்று பயந்து இன்னொரு சகோதரி சாவியை வாங்கப் பார்க்கிறார். இருவருக்கும் மெல்லிய இழுபறி. அந்தச் சத்தத்திலேயே தலைவி விழித்துக்கொள்ள, பழி முழுவதும் தெரசாள்மேல் விழுகிறது. எதிர்வாதம் செய்ய வாய் துடிக்கிறது. வாயைத் திறந்தால் மன அமைதி போய்விடும், திறக்காமல் அங்கேயே நிற்கும் அளவுக்குத் தம்மிடம் புண்ணியம் இல்லை என்று அவருக்குத் தெரிகிறது. என்ன செய்தார் தெரியுமா? ஓடிவிட்டார். சகோதரி பேசிக்கொண்டிருக்கும்போதே நழுவி, நெஞ்சு படபடக்க, அதற்குமேல் நடக்க முடியாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இது வீரம் ஆகாதுதான், ஆனால் தோல்வி உறுதி என்று தெரிந்த சண்டைக்குள் இறங்காமல் இருப்பதே மேல் என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.

படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணைத் தங்கள் கட்டத்துக்குள் எப்படி அடைப்பீர்கள்? நான் என் வீட்டுச் சமையலறையில் ஒரு முக்காலி போட்டிருக்கிறேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டால் அங்கே போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிடுகிறேன். எங்கே போய்விட்டாய் என்று அண்ணன் கேட்டால், "படிக்கட்டுக்கு" என்கிறேன். வீட்டில் படிக்கட்டே கிடையாது. கதை அவருக்குத் தெரியும் என்பதால் விட்டுவிடுகிறார்.

தங்கள் தொழிலுக்கே ஒரு புனிதர் இருக்கிறார் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரான்சிஸ் சலேசியார், ஜெனீவா ஆயர், இறந்தது 1622-இல். தமது பேச்சைக் கேட்க மக்கள் வராத காலத்தில், சொல்ல வேண்டியதைத் துண்டுத் தாள்களாக எழுதிப் பரப்பியவர். கதவிடுக்கு வழியாக வீடுகளுக்குள் செருகினார் என்பார்கள். 1923-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவரை எழுத்தாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் பாதுகாவலராக அறிவித்தார். சாந்தத்துக்குப் பெயர் போன அவர், இயல்பில் முன்கோபி என்றும் சொல்வார்கள். 1609-இல் வெளிவந்த அவருடைய பக்தி வாழ்வு பற்றிய நூலில், தன்னிடமே சாந்தமாக இருப்பது பற்றி ஓர் அதிகாரம் உண்டு. கோபப்பட்டதற்காகத் தன்மேல் கோபப்படுகிறவர்கள், எரிச்சல் வந்ததே என்று எரிச்சல் அடைகிறவர்கள், இவர்களைப் பற்றி எழுதுகிறார். விழுந்த மனத்தைத் திட்டாதே. தவிர்க்க வேண்டும் என்று அவ்வளவு உறுதி எடுத்த பள்ளத்திலேயே விழுந்துவிட்டோமே, பரவாயில்லை, எழுந்திரு என்று அதனிடம் பேசு என்கிறார். 17-ஆம் நூற்றாண்டு ஆயர், தம் சொந்த மனத்தை ஒரு குழந்தையைத் தூக்கி நிறுத்துவதைப்போலத் தூக்கி நிறுத்துகிறார். இந்த அதிகாரத்தை என்னைப்போல வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டினேன். ஒருவர் அழுதார். மற்றவர், இதை ஏன் இத்தனை நாள் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். நான் 19 ஆண்டு மறைக்கல்வி எடுத்தவள் என்பது அவருக்குத் தெரியும்.

எனவே என் கோரிக்கை. கட்டத்தை எடுத்துவிட வேண்டாம். பூவேலையைக் குறைத்து இடத்தைக் கூட்டுங்கள். ஒரு வரிக்குப் பதிலாக ஒரு முழுப் பத்தி, எந்த நூலில் வருகிறது என்ற குறிப்போடு. புனிதர்களுக்குச் சோர்வு வந்த இடம், அவர்கள் தடுமாறிய இடம், சில வேளை அவர்கள் நம்மைச் சிரிக்கவைக்கும் இடம், எதையும் நறுக்காதீர்கள். வேறு சமயத்தாரின் மகான்களுக்கும் இதே நியாயத்தைச் செய்யுங்கள். அவர்களுடைய வாசகர்களும் என்னைப் போலவே நொந்துபோயிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சென்ற வாரத்துப் பிழைக்கு ஒரு திருத்தம் வெளியிட்டால் நல்லது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 427-ஆம் ஆண்டு வாக்கில், 70 வயதைத் தாண்டிய ஆயர் புனித அகுஸ்தீனார், தாம் எழுதிய 93 நூல்களையும் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு, எங்கெங்கே தவறாக எழுதினேன், எங்கே அவசரப்பட்டேன் என்று ஒவ்வொன்றாகக் குறித்து அதையே ஒரு நூலாக வெளியிட்டார். இறப்பதற்கு மூன்றே ஆண்டுகள் இருந்தன. மெய்ப்புத் திருத்துவோருக்கென்று ஒரு பாதுகாவலர் தேவைப்பட்டால் என் வாக்கு அவருக்குத்தான்.

திருத்தம் கேட்பவள் தன் திருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். 'எல்லாம் கடவுளைப் பொறுத்தது போலச் செபி, எல்லாம் உன்னைப் பொறுத்தது போல உழை' என்ற வாக்கியத்தை மறைக்கல்வி வகுப்புக் கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதி, கீழே அகுஸ்தீனார் என்று போட்டேன். அவருடையது இல்லை என்று ஓர் இளங்குரு சொன்னதும், இஞ்ஞாசியார் என்று மாற்றினேன். இஞ்ஞாசியாரின் எழுத்திலும் அது அப்படியே இல்லை. அவர் பெயரால் 1705-இல் ஓர் இயேசு சபைக் குரு வெளியிட்ட தொகுப்பில் கிட்டத்தட்ட தலைகீழாக இருக்கிறது: வெற்றி முழுவதும் உன்னைப் பொறுத்தது போலக் கடவுளை நம்பு, கடவுளே எல்லாவற்றையும் செய்யப்போவது போல உழை. இதன் பொருளை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். நான் கரும்பலகையில் எழுதியதில் மெல்ல எதுவும் இருக்கவில்லை. பிள்ளைகள் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு விளையாடப் போனார்கள். அவர்களில் சிலர் தங்கள் வாசகர்களாக இருக்கக்கூடும். அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்
(பெயரை வெளியிட வேண்டாம்)

பி.கு.: இந்தக் கடிதத்தை அஞ்சலில் சேர்ப்பதற்கு முன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். இரவில் முப்பது முறை மணி அடிக்கிறார் என்று நான் எழுதியிருப்பதற்கு அவர் மறுப்புத் தெரிவிக்கிறார். நேற்று இரவு இருவருமாக எண்ணினோம். பதினொன்று.